கழுத்து மாறிய தாலி

பாளையங்கோட்டையில் பெண்களின் முகத்தைப் பார்க்குமுன் கழுத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் குடிவந்த அன்று பக்கத்து வீட்டுக் கோமதியக்காவும் பார்த்தார். என் மனைவியின் கழுத்து வெறுமையாக இருந்தது. பதினான்கு வயது மகள் சுகந்தியின் கழுத்தில் தாலி கிடந்தது. மனைவியை விதவை என்றும் என்னை அவளுடைய அண்ணன் என்றும் அவர் முடிவுசெய்துகொண்டார்.

"மாப்பிள்ள எங்கன இருக்காரு, அண்ணாச்சி?"

"மாப்பிள்ளை எண்டு ஒருத்தரும் இல்லை, அக்கா."

"இந்தச் சின்ன வயசுலயே விட்டுட்டுப் போயிட்டானா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலையில் சோறும் புளிக்குழம்பும் வந்தன. பசியில் நான் எதையும் திருத்தவில்லை.

யாழ்ப்பாணத்தில் சுகந்தியின் பள்ளிக்கூடத்துக்கு இயக்கத்தார் வந்து, போராட வரச்சொல்லிப் பிள்ளைகளிடம் பேசுவார்கள். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளில் தாராளமாக இடம் இருக்கும். கல்யாணமானவர்களைக் கேட்பதில்லை என்று ஒரு கதை உலவியது. உண்மையா என்று விசாரிக்க நேரமில்லை. மனைவி தன் தாலியைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டாள். வகுப்பில் சுகந்தியின் பக்கத்தில் இருந்த ரஜனிக்குத் தாய் இல்லை. அவள் இயக்கத்துக்குப் போனாள். நாங்கள் படகேறினோம்.

இங்குள்ள பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, "தாலி கெட்டுன பிள்ளைய ஒம்பதாப்புல எப்படிச் சேக்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து கழற்றச் சொன்னேன். சுகந்தி இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டாள்.

"கழட்டினா வருவினம், அப்பா."

"இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம்."

"ரஜனிக்கும் அப்பிடித்தான் சொன்னவை."

அவள் அழுத சத்தம் கேட்டுக் கோமதியக்கா வந்தார். மனைவி நடந்ததெல்லாம் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க இவுக வீட்டுக்காரரா?"

"ஓம்."

அதை ஜீரணித்துக்கொண்டு சுகந்தியின் அருகில் உட்கார்ந்தார். "ஏட்டி, அது உங்கம்மா தாலி. அவ கழுத்துலதான் கெடக்கணும். உன்னக் கேட்டு எவன் வந்தாலும் மொதல்ல என் வாசலத் தாண்டணும்லா? பையக் கழத்து."

சுகந்தி கழற்றினாள். தாயின் கழுத்தில் அவளே போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து, ஏதோ ஒரு கட்சிக் கூட்டத்துக்காக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. "இளைஞர்களே, அணி திரண்டு வாரீர்" என்று அழைத்தபடி நோட்டீஸை வீசிக்கொண்டு போனார்கள். தெருப்பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள். வாசலில் நின்ற சுகந்தியை "உள்ளுக்கு வா" என்று கூப்பிட்டேன். அவள் அதற்குள் சிரித்துக்கொண்டு அவர்களோடு ஓடிவிட்டாள்.

கதவை அரைவாசி சாத்திக்கொண்டு அதன் பின்னால் நின்றது நான்தான்.