பார்க்காததைச் சொல்லாத சற்குணம் ஐயா

சற்குணம் ஐயா போய்ச் சேர்ந்த செய்தியை எனக்குத் தெரிவித்தது, அவரை வேலையைவிட்டு அனுப்பிய அதே நூலகம்தான். பட்டணத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து சின்னமனூர்ப் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. தங்களுக்கு ஜாமீன் நின்ற ஆ. சற்குணம் காலமாகிவிட்டபடியால், வேறு தகுந்த நபரை ஜாமீன் காட்டும்வரை இனிப் புத்தகம் அனுப்புவதற்கில்லை. கைவசம் உள்ள புத்தகத்தை உடனே திருப்ப வேண்டியது. அவ்வளவுதான். வருந்துகிறோம் என்று பேச்சுக்குக்கூட ஒரு சொல் கிடையாது. மனிதரை வேலையிலிருந்து நீக்கத் தெரிந்தவர்களுக்கு, ஜாமீனிலிருந்து நீக்க மறந்துபோயிருக்கிறது. கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை பூகோளம் நடத்தினேன். பிறகு வகுப்பு காலியானதும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கோபமும் அதில் பாதி இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடிநாயக்கனூர் பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. கடையில் உட்காரச் சொன்னார்கள். முடியாது என்று பட்டணத்துக்குப் படிக்கப் போனவர், அங்கே நூலகத்திலேயே சேர்ந்துவிட்டார். ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு உதவுவதுதான் அவர் உத்தியோகம். என்ன தேடுகிறீர்கள், அது எந்தப் புத்தகத்தில் கிடைக்கும், உங்களுக்கு முன்னால் யார் யார் இதை எழுதித் தொலைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, வேண்டியதைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். உதவி என்றதும் யாரும் ஏமாந்துவிட வேண்டாம். அவரிடம் உதவி பெற்றவர்களில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு மாணவர் இருந்தார். ஆராய்ச்சிப் பட்டம் வரப்போகிறது என்று சொல்லியே பெண் நிச்சயம் செய்திருந்தார்கள். நூலைக் கட்டிக் கொடுக்க வேண்டிய வாரத்தில், சற்குணம் ஐயா எங்கிருந்தோ ஒரு பழைய சஞ்சிகையைத் தூசி தட்டி எடுத்துவந்து அவர் முன் விரித்துவைத்தார். மாணவர் கண்டுபிடித்ததாக நினைத்த அத்தனையும் அதில் அச்சாகியிருந்தது. நான் கொடுத்து முடிக்கிறவரையாவது இதை மறைத்துவைத்திருக்கக் கூடாதா என்று அந்தப் பிள்ளை கெஞ்சினார். "இது என்ன, எங்க வீட்டு அலமாரியா, பூட்டி வைக்க?" என்று கேட்டுவிட்டு, ஐயா சாப்பிடப் போய்விட்டார். கல்யாணம் நின்றுபோயிற்று என்று கேள்வி. ஐயாவின் சாப்பாட்டில் அன்றைக்கு ஒரு கவளமும் குறையவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நானும் போய் மாட்டினேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மலையாளத்துக்குப் பொதிமாடு ஓட்டிய வியாபாரிகளைப் பற்றியது என் ஆராய்ச்சி. அரிசியும் உப்பும் ஏறும். மிளகும் ஏலமும் இறங்கும். ரோடு வந்து, வண்டி வந்து, பொதிமாடு ஒழிந்துவிட்டது. ஓட்டியவர்கள் மட்டும் கிழவர்களாக ஊருக்கு ஒருவர் இருவர் மிஞ்சியிருந்தார்கள். பள்ளிக்கூட லீவுக்கு லீவு அவர்களைத் தேடிப்போய், எந்தச் சுனையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள், யாருக்கு வரி கட்டினார்கள், யாருக்குக் கட்டாமல் ஓடினார்கள் என்று அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவந்தேன். மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால் வருமே, அந்த ஊதா மையில்தான் எழுதினேன். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதுதான் மை.

ஐயா அத்தனை தாளையும் ஒன்றுவிடாமல் படித்தார். படித்து முடித்து, அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டைச் சொன்னார். "இவுக பேச்ச இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதி வைக்கல. இத எங்கிட்டக் குடுங்க. ஒங்க வீட்ல கெடந்தா கரையான் தின்னுரும்." சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கட்டோடு தூக்கிக் கொடுத்தேன். அவர் அதை நூலகத்தின் பாதுகாப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் ஆராய்ச்சி நூலை எழுதி, தட்டச்சும் செய்து முடித்தேன்.

அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. கிடைத்தற்கரிய புத்தகங்களையும் கையெழுத்துக் கட்டுகளையும் உள்நாட்டுக்கு அனுப்பிவிட நூலகத்தார் முடிவு செய்தார்கள். ஐயாவின் அக்காள் கணவர் தேவசகாயம் அண்ணாச்சிக்குப் போடியில் பெரிய ஏலக்காய்க் கிட்டங்கி. காற்றோட்டம் உள்ளது, ஈரம் சேராதது. பெட்டிகள் அங்கே போயின, காவலுக்கு ஐயாவும் போனார். என் தாள்களும் அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் இருந்தன. நம் ஊர்ப்பக்கமே வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். எனக்கு வாய்த்த புத்தி அது.

போடியில் ஏலக்காய்க்குக் கந்தகப் புகை காட்டும் வழக்கம் உண்டு. ஓர் அறையில் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே கந்தகத்தைப் பற்றவைத்துக் கதவை அடைத்துவிடுவார்கள். திறந்தால் காய் வெள்ளை வெளேரென்று இருக்கும், பூச்சியும் அண்டாது. அப்படி வெளுத்த காய்க்குத்தான் வடக்கே மதிப்பு. அடைமழைக் காலத்தில் புத்தகங்களில் பூச்சி தென்பட்டது. ஐயா பாச்சை உருண்டை வாங்கத் தேனிக்குப் போனார். மழையில் பஸ் நின்றுவிட்டதால் அன்றைக்குத் திரும்ப முடியவில்லை. மச்சினன் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, அவர் வருவதற்குள் ஒரு உபகாரம் செய்துவைத்தார். பெட்டிகளை எல்லாம் திறந்து, புத்தகங்களைத் தட்டுகளில் அழகாக அடுக்கி, ஏலக்காய்க்குப் போடுகிற மாதிரியே புகை போட்டுவிட்டார்.

அச்சடித்த புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓலைச்சுவடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை ஈரம் ஏறிய தாளில் இருந்த ஊதா மை மட்டும், காயின் பச்சையைப் போல வெளுத்துப்போயிற்று.

ஐயா, பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போது ஓடிய கரிவாயு பஸ்ஸில் ஏறிச் சின்னமனூருக்கு நேரே வந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, ஆறுதலுக்கு ஒரு முன்னுரைகூட இல்லாமல், "ஒங்க எழுத்துப் பூராம் போச்சு. காகிதம் நல்லாருக்கு" என்றார். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவருடனேயே போடிக்குப் போனேன். அண்ணாச்சி என்னை வரவேற்று, ஒரு பூச்சிகூட இல்லை பாருங்கள் என்று பெருமையோடு தட்டுத் தட்டாகக் காட்டினார். என் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "நாந்தான் போட்டேன். ஏலக்காய்க்கு நல்லதுன்னா பொஸ்தகத்துக்கு மட்டும் கெடுதியா வாத்தியாரே?" என்று என்னையே கேட்டார். தாளைச் சாய்த்துப் பார்த்தால் பேனா முள் கீறிய தடம் அங்கங்கே தெரிந்தது. ஒரு வரியைக்கூட முழுதாகப் படிக்க முடியவில்லை. சொன்ன கிழவர்களில் பெரும்பாலோர் அதற்குள் செத்தும் போயிருந்தார்கள்.

என் பேராசிரியர் இரக்கமுள்ளவர். நூல்தான் தட்டச்சாகி இருக்கிறதே, மூலத் தாள்களைப் படித்தவர் சற்குணம், அவர் பார்த்தேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் பரீட்சகர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று வழி சொன்னார். பட்டம் வந்தால் கல்லூரி வேலை. இல்லாவிட்டால் சாகும்வரை பூகோளம். பேராசிரியர் எழுதித் தந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தேன். வாஸ்தவம். நாளைக்கு ஒருத்தர் வந்து, எங்க காட்டுங்கன்னா எதக் காட்டுவேன்?"

"நீங்கள் பார்த்தது பொய்யா ஐயா?"

"பொய்யில்ல. இப்ப இல்ல. இல்லாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் என்னென்னவோ பேசினேன். உங்கள் காவலில்தானே போயிற்று என்றேன். ஆமாம் என்றார். என் வாழ்க்கை போகிறதே என்றேன். அதற்கும் ஆமாம் என்றார். மனிதர் இம்மியும் அசையவில்லை. மிச்சம் இருக்கிற கிழவர்களைத் தேடலாம், நானும் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி வந்தார். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் என்று வெயிலில் இருவரும் அலைந்தோம். போன இடமெல்லாம் கருமாதி முடிந்த வீடு. கடைசியில் பண்ணைப்புரத்தில் ஒருவர் உயிரோடு இருந்தார். முன்பு வாய் ஓயாமல் எனக்குக் கதை சொன்னவர், பொதிமாட்டு மணியை ஆட்டிக்கூடக் காட்டியவர். இப்போது, "ஏலே, நீ யாரு? நான் எங்கிட்டு மாடு ஓட்டுனேன்?" என்று கேட்டார். மருமகள் சோற்றை ஊட்டி வாயைத் துடைத்துவிட்டாள். அவர் முன்பு சொன்னது எனக்கு மனப்பாடம் ஐயா, எழுதிக்கொள்கிறேன் என்றேன். "இப்ப அவுக சொல்லலயே" என்று ஐயா எழுந்துவிட்டார். அந்த நிமிஷத்தில் அவரைக் குளத்தில் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை.

பட்டம் போனது. அத்தோடு முடியவில்லை. கையெழுத்துக் கட்டுகள் நாசமானது பற்றி நூலகத்தார் விசாரணை வைத்தார்கள். யுத்தகாலச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, பயந்துபோன தேவசகாயம் அண்ணாச்சி, புகை போட்டது தமக்குத் தெரியவே தெரியாது, மச்சினன் ஏற்பாடாக இருக்கலாம் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். நான் ஐயாவிடம் ஓடினேன். அண்ணாச்சி தம் வாயால் ஒப்புக்கொண்டதை என் காதால் கேட்டேன், வந்து சொல்கிறேன் என்றேன்.

"போட்டதப் பாத்தீகளா?"

"இல்லை."

"அப்பப் பேசாதீக."

பேசாமல் இருப்பேனா? எழுதி அனுப்பினேன். பட்டம் கிடைக்காதவனின் ஆத்திரம் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். விசாரணையில் ஐயா சொன்ன பதில், நான் அங்கே இல்லை, யார் போட்டது என்று பார்க்கவில்லை, காவல் என்னுடையது என்பதுதான். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரும்பி எங்கே போவார்? போடிக்குத்தான். எந்தத் தொழிலில் உட்கார மாட்டேன் என்று ஊரைவிட்டுப் போனாரோ அதே தொழிலில், அதே அண்ணாச்சியின் கடையில், ஏலக்காய்ச் சாக்குக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதாவது போவேன். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பார். சொல்வேன். அந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் தப்பு என்று சொல்வார். போனதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். நான் கும்பிட்டுவிட்டு வந்தது மரியாதையினாலா வெறுப்பினாலா என்று கேட்டால், இரண்டும்தான். அப்படியே வருஷங்கள் போய், மலைக்காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்காமலே போய்விட்டார். ஒரு ஆளைவிட்டுச் சொல்லியனுப்பக்கூட எவருக்கும் தோன்றவில்லை.

கார்டு வந்த அந்த வாரமே போடிக்குப் போனேன். அண்ணாச்சி மிகவும் இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். கல்லறைக்குக் கூட்டிப்போகும் வழியில், நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"நாந்தான் போட்டேன் வாத்தியாரே. ஒங்களுக்கே தெரியும். விசாரணைக்கு மொத நாளு அவன்கிட்டயும் சொன்னேன், நாந்தாண்டா, என்னக் காட்டிக் குடுத்துராதன்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'நீங்க போட்டத நான் பாக்கல அத்தான்'னான். அம்புட்டுத்தான். எந்தம்பி நம்மளக் காப்பாத்திட்டான்னு இவ அன்னைக்கெல்லாம் அழுதா" என்றார். இவள் என்று அவர் சொன்னது மனைவியை, ஐயாவின் அக்காளை.

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக அதை ஐயாவின் நேர்மை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மதித்துவந்தவன் நான். கண்ணால் பார்த்திருந்தும் எனக்கு ஒரு கையெழுத்து இல்லை. காதால் கேட்டிருந்தும் அத்தானைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே சட்டம்தான். அது என்னை மூழ்கடித்தது, அவர் குடும்பத்தைக் கரை சேர்த்தது. அவரையும் மூழ்கடித்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

இதை அப்படியே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நூலகத்துக்கு அனுப்புகிறேன், அவர் பெயராவது சுத்தமாகட்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இனிமே எதுக்கு? அவனுக்கு வேலையா குடுக்கப் போறாக?" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் ஐயாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண்மேடு மழையில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அண்ணாச்சி சரிந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரை விலகச் சொல்லிவிட்டுக் குனிந்து, மண்ணைக் கையால் அள்ளிவைத்து அழுத்தினேன்.

ஐயா, அது நியாயத்துக்காகவா, அக்காளுக்காகவா? கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்கள் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. நான் செத்தால்தான் ஆறும். எனக்கு இருந்த ஒரே நல்ல வாசகர் நீங்கள். போய் வாருங்கள்.