இறைச்சிக்கு நின்ற வரிசை

அமெரிக்காவில் ரெக்சஸுக்குப் போய்ப் பாரிசுக்குத் திரும்பி வந்து ஒரு மாதமாகியும் என் ஜாக்கெற்றில் புகை மணம் போகவில்லை. இரண்டு தரம் தோய்த்தேன். கடைசியில் குப்பையில் போட்டேன்.

நான் அங்கே ஊர் பார்க்கப் போகவில்லை. அக்காவின் மகனுக்காகப் போனேன். அவன் வவுனியாவிலிருந்து வெளிக்கிட்டு, எத்தனையோ நாடு சுற்றி, மெக்சிக்கோ எல்லையைக் கடந்த இடத்தில் பிடிபட்டான். ரெக்சஸில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வழக்கு முடியும்வரை அவனை வெளியே விடுவதென்றால், அந்த நாட்டில் இருக்க விசா உள்ள ஒருவர் தன் வீட்டில் வைத்திருப்பதாகக் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவரும் போடாவிட்டால் உள்ளேயே கிடப்பான். பிறகு கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

என் தம்பி அதே ரெக்சஸில்தான் இருக்கிறான். வீடு இருக்கிறது. பெற்றோல் ஷெட் இருக்கிறது. அக்கா ரெலிபோனில் கேட்டதற்கு, "பாப்பம்" என்றான். பிறகு அவவின் நம்பர் வந்தால் எடுப்பதேயில்லை.

"நீ நேரை போய்க் கேள் தம்பி," என்று அக்கா என்னிடம் சொன்னா. "உன்ரை முகத்தைப் பாத்து மாட்டன் எண்டு சொல்லமாட்டான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரை விட்டு வந்த புதிதில் அவன் பாரிசில், லா சப்பலில் என் அறையில்தான் கிடந்தான். ஒரு மெத்தையில் இரண்டு பேர். எனக்கு உணவகத்தில் பிளோஞ் வேலை, கோப்பை சட்டி கழுவுவது. மிஞ்சினதைக் கட்டிக்கொண்டு வந்து அவனுக்குக் கொடுப்பேன். பிறகு ஆரோ ஒருவனுடைய பாஸ்போட்டில் மெக்சிக்கோ போய், எல்லை ஆற்றால் இறங்கினான். அன்று எனக்கு ரெலிபோன் எடுத்து, "தண்ணி கழுத்துமட்டும் அண்ணை, செத்துப்போவன் எண்டு நினைச்சன்" என்று அழுதான். அவனையும் பிடித்து அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு மன்னார் ஆள், வேதக்காரர், தன் விலாசத்தைக் கொடுத்து வெளியே எடுத்தார்.

வேலையிடத்தில் கொஞ்சே கேட்டேன். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு லீவு தந்தான். போனேன்.

தம்பியின் வீட்டுக்கு முன்னால் பெரிய புல்வெளி. அதில் ஒரு பலகை நட்டிருந்தது. எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது.

"உதென்ன?"

"எலெக்சன் போர்ட் அண்ணை."

"என்ன எழுதிக்கிடக்கு?"

சூட்கேசை இறக்கிக்கொண்டே சொன்னான். "மெக்சிக்கோ போடரைப் பூட்டச் சொல்லி."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "இஞ்சை எல்லா வீட்டிலையும் வைக்கினம். வைக்காட்டித்தான் ஒரு மாதிரிப் பாப்பினம்," என்றான்.

அடுத்த நாட்களில் எனக்கு ரெக்சஸ் காட்டினான். எல்லாம் பெரிசு. ஒரு ஆள் ஏறிப்போக லொறி மாதிரி வாகனம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்தடிக்க, சின்ன ஊர் ஒன்றே கொள்ளக்கூடிய ஸ்ரேடியம். தேத்தண்ணிக்குள் ஐஸ், அதற்குமேல் பாணிபோலச் சீனி. தம்பியின் ஷெட்டுக்கு ஆட்கள் இடுப்பில் துவக்கோடு வந்து சோடா வாங்கிக்கொண்டு போகிறார்கள். தம்பி அவர்களோடு தோளில் தட்டிக் கதைக்கிறான். எங்கடை கவர்னர், எங்கடை காத்து, எங்கடை இறைச்சி.

ஷெட்டின் பின்பக்கம் ஒரு சின்னக் குசினி. விடிய முதலே ஒரு மெக்சிக்கோப் பெண் அங்கே நின்று ரொட்டி தட்டுவா. சுடச்சுட, உள்ளே முட்டையும் பச்சை மிளகாயும். அங்கே என் வாய்க்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"அவவுக்கு விசா இருக்கோ?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"உங்களுக்கு ஏன் உந்தக் கதை?"

மருமகனின் கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவான். அல்லது டிவிச் சத்தத்தைக் கூட்டிவிடுவான். சனிக்கிழமை என்னை இறைச்சிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரெக்சஸுக்கு வந்து இது தின்னாமல் போகக்கூடாதாம்.

ஒரு தகரக் கொட்டில். பக்கத்தில் படுக்கவைத்த இரும்புப் பீப்பாக்கள். அவற்றுக்குள் மாட்டின் நெஞ்சிறைச்சி இரவிரவாகப் புகையில் கிடந்து கரிக்கட்டைபோல வரும். கடை திறக்கவில்லை. அதற்குள் சனம் மடக்குக் கதிரைகளோடு வந்து வரிசையாக இருந்தது. எங்கள் முறை வர மத்தியானமாகும் என்றான். புகை எங்கள் பக்கமே வந்தது.

"கவர்னர் வந்தாலும் வரிசைதான் அண்ணை. அதுதான் எங்கடை ரெக்சஸ்."

இனி இவன் எழும்பிப் போக இடமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"பெடியனுக்குக் கையெழுத்து வை," என்றேன்.

அவன் முன்னால் நின்ற தொப்பிக்காரனின் முதுகைப் பார்த்தான். "முறையா வந்திருக்கோணும் அண்ணை. எல்லாரும் வரிசையிலை நிக்க, இவை மட்டும் இடையிலை பூந்தால்?"

"நீ எந்த வரிசையிலை வந்தனி?"

"அது அந்தக் காலம்."

"ஆறு அதேதானே?"

"மெல்லக் கதையுங்கோ."

"தமிழ்தானே கதைக்கிறன். ஆருக்கு விளங்கப்போகுது?"

"எனக்கு இஞ்சை ஒரு பேர் இருக்கு. நான் வைக்கமாட்டன். அவ்வளவுதான்."

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பழைய பாஸ்போட் கதையைத் தோண்டுவார்கள் என்ற பயம் ஆருக்கும் வரும். அவன் பயம் என்று சொல்லவில்லை. முறை என்றான். வரிசை நகர, அவனும் நகர்ந்தான்.

தட்டில் கடதாசி விரித்து அதில் இறைச்சியைக் குவித்துத் தந்தார்கள். பக்கத்தில் பாண் துண்டு, பச்சை வெங்காயம், இனிக்கிற ஒரு குழம்பு. கொழுப்பு ஆடியது. நான் மாட்டிறைச்சிக்கு அருவருக்கிற ஆள் இல்லை. பிரெஞ்சுக் குசினியில் அந்தக் கொழுப்பைச் சுரண்டித்தான் இத்தனை வருசம் சீவிக்கிறேன். ஒரு துண்டை வாயில் வைத்தேன். இறங்கவில்லை. கடதாசியில் துப்பினேன்.

தம்பி என் பங்கையும் தின்றான். விரலைச் சூப்பினான்.

"அக்காவுக்கு நானே சொல்லுறன்," என்றான். சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அக்கா ரெலிபோனை வைத்துவிட்டா.

பெடியனைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கி விசாரித்தார்கள். இப்போது வவுனியாவில் பொலிசுக்குப் போய்ப் போய்க் கையெழுத்து வைக்கிறான். இரவில் நித்திரை கொள்வதில்லையாம்.

இந்தக் கோடையில் தம்பி பாரிசுக்கு வந்தான். மனைவிக்குச் சேலை வாங்க வேண்டுமாம். வந்த நேரம் தொடக்கம் மருமகனைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கார் து நோர் ஸ்ரேசனில் இறங்கி, தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை. கொத்து ரொட்டிக் கடை வாசலில் சனம் நடைபாதைவரை நின்றது. பாரிசுக்கு வெளியே எபினேயிலிருந்தும் ஆர்ஜொந்தெய்யிலிருந்தும் பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள். உள்ளே தகட்டில் கொத்துகிற சத்தம்.

தம்பி எட்டிப் பார்த்தான். "உதுக்கை ஆர் நிக்கிறது? உங்களுக்குத் தெரிஞ்ச கடைதானே அண்ணை. பின்னாலை பூந்து போவம்."

கடைக்காரரைத் தெரியும். பின்கதவும் தெரியும்.

"வரிசையிலை நில்," என்றேன்.

"நீங்கள்?"

"எனக்குப் பசியில்லை."

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றான். நான் திரும்பி ஸ்ரேசன் பக்கம் நடந்தேன். பின்னால் "அண்ணை, அண்ணை" என்று கேட்டது. அதற்குள் அவனுக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். விட்டுவிட்டு வந்தால் இடம் போய்விடும். அவன் வரவில்லை.