மஞ்சள் சவ்வு

பத்ரிநாத்துக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மங்களூரில் ஒரு தடவை படகேறி, கரை மறைவதற்குள் வாந்தியெடுத்துத் திரும்பியவர். ஆனாலும் கடலுக்கு வெகுதூரத்திலிருந்த விவேக் நகர் வீட்டில் அவர் ஆசையாகப் புரட்டுவதெல்லாம் கடல்பறவைப் படங்கள்தான். அதிலும் பெட்ரல் என்றால் உயிர். முட்டையிட மட்டும் கரையேறி, மற்றபடி நடுக்கடலிலேயே காலம் தள்ளும் பறவை. ஹெசரகட்டா ஏரியில் ஆலா என்ற சாதாரண நீர்ப்பறவையைப் பார்த்துப் பெட்ரல் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து பறவைச் சங்கத்தில் அவர் வாய் திறந்தாலே சிரிப்பு.

1996 ஜூனில், மெட்ராஸ் பக்கம் புயல் ஓய்ந்த மறுநாள், மொட்டை மாடியில் கிடந்ததென்று பக்கத்து வீட்டு மௌரீன் ஒரு கறுப்புப் பறவையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. நிற்க வைத்தால் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு காலும் போச்சு என்று முடிவுகட்டிய பத்ரிநாத், தீக்குச்சி வைத்து விரல்நுனி வரை துணி சுற்றிக் கட்டினார். பிறகு புத்தகத்தை விரித்தார். எதுவும் பொருந்தவில்லை.

மனைவி சுப்புலக்ஷ்மி குனிந்து முகர்ந்தாள். "ஏன்னா, மீனெண்ணெய் வாடை அடிக்கறது. அலகு மேல குழாய் வேற வெச்சிருக்கு."

அவர் கை நின்றது. அந்தக் குழாய் பெட்ரலின் மூக்கு. பெட்ரலால் தரையில் நிற்க முடியாது, எதுவும் உடையவில்லை. அவசரமாகக் கட்டை அவிழ்த்தார். விரல்களுக்கு நடுவே மஞ்சள் சவ்வு. வில்சன் பெட்ரல் என்ற வகைக்குத்தான் அப்படி. எந்த அடையாளத்தைத் தேடினாரோ அதையே கட்டி மறைத்திருந்தார்.

சங்கத்தார் பந்திப்பூர் காட்டுக்குப் போயிருந்தார்கள், அவருடைய கேமராவையும் எடுத்துக்கொண்டு. ஞாயிறுதான் வருவார்கள். அதுவரை பெட்டியில் வைத்திருந்தால் எல்லோர் கண்ணிலும் காட்டிவிடலாம். ஆனால் பறவை எதையும் தின்னவில்லை. மௌரீன் கொடுத்த மீன் துண்டையும் தொடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா?" என்றாள் சுப்புலக்ஷ்மி.

"தாங்காது. விட்டுட்டா ஒருத்தனும் நம்பமாட்டான், சுப்பு."

"நான் பார்த்தேனே. போறாதா?"

மறுநாள் காலை மெட்ராஸ் ரயிலில் செருப்புப் பெட்டி அவள் மடியில் இருந்தது. எதிரே இருந்தவர் வாடைக்கு மூக்கைச் சுளித்தபோது, கருவாடு என்று கண்ணிமைக்காமல் சொன்னாள்.

பெசன்ட் நகர் கடற்கரையில், காக்கைகள் கொத்திவிடும் என்று அவை கூடடையும்வரை காத்திருந்தார்கள். பத்ரிநாத் முழங்கால் தண்ணீரில் இறங்கி, காற்றுக்கு எதிரே உள்ளங்கையை விரித்தார். பறவை அலைக்கு மேல் தாழப் பறந்து, நுரை தாண்டியதும் இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தண்ணீர்மேல் நடந்தது.

"கால் போச்சுன்னேளே," என்றாள் சுப்புலக்ஷ்மி.

ஞாயிறன்று சங்கத்தில் அவர் சொன்னதைக் கேட்டு வழக்கம்போலச் சிரித்தார்கள். எப்போதும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும் பத்ரிநாத் இந்தத் தடவை கிளம்பவில்லை. இன்னொரு தட்டு போண்டா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.