இரண்டாம் வயலினில் ஒரு குரல்

நான் வயலின் வாசிப்பதாக நடிப்பவள். அதற்கான தண்டனையைக் கவிதா அனுபவிக்கிறாள். உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டில் எங்கள் தந்தி வாத்தியக் குழுவில் நான் இரண்டாம் வயலின். மெட்டு முதல் வயலின்காரர்களுடையது, அடித்தளம் செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்துடையது. நடுவே நின்று இரண்டையும் இணைப்பது நாங்கள். எங்களைத் தனியாக யாரும் கேட்பதில்லை.

போன மழைக்காலத்தில் என் இடக்கை மோதிர விரல் சொன்னபடி கேட்க மறுத்தது. தந்தியைத் தொட்டதும் தானாக மடங்கிக்கொள்ளும். சரியாகுமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. விலகியிருக்க வேண்டும்... முடியவில்லை. வாரம் முழுக்கக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் கணினி முன் அமரும் எனக்கு, குழுவின் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகளைத் தவிர வேறென்ன இருந்தது? வில்லைத் தந்தியில் படாமல் நகர்த்தப் பழகினேன்.

என் பக்கத்து நாற்காலிக்காரி கவிதாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் வருபவள்; என்னைவிட இளையவள்.

"விரல் சரியாகற வரைக்கும் உங்களுக்கும் சேர்த்து நானே வாசிக்கறேனுங்க்கா" என்றாள். அழுத்தி வாசித்தாள்.

கோவை நிகழ்ச்சிக்கான ஒத்திகையில், குழுவை நடத்தும் மாஸ்டர் பாதியில் கையை இறக்கினார்.

"இரண்டாம் வயலின்ல ஒரு குரல் மட்டும் துருத்துது. கவிதா, பக்கத்துல இருக்கறவங்களோட சேர்ந்து வாசிக்க மாட்டியா?"

கவிதா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். நான்... இசைத்தாளின் பக்கத்தைப் புரட்டினேன்.

"கோவைக்கு நீ வர வேண்டாம். இனி நான் கூப்பிடறப்ப வந்தாப் போதும்" என்றார் மாஸ்டர். அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கோவை மேடையில் எங்கள் வரிசை வெறுமையாக ஒலித்தது. "ஏன் இப்படி மெலிஞ்சு போச்சு?" என்று மாஸ்டர் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே? நான் குனிந்து வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் கவிதா போன் செய்தாள்.

"விரல் எப்படிங்க்கா இருக்குது?"

"பரவாயில்லை."

"மாஸ்டர் என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாருங்களா?"

"கேட்டார்" என்றேன். அவர் கேட்கவே இல்லை.

அவள் குரல் மலர்ந்துவிட்டது. "அப்படீன்னா கூப்பிடுவாருங்க. இப்ப அழுத்தாம வாசிக்கப் பழகிட்டேனுங்க்கா. கேக்கறீங்களா?"

போனை எங்கோ வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். மெல்ல, மிக மெல்ல... செய்யாத பிழையை அத்தனை கவனமாகத் திருத்தியிருந்தாள்.

வாசித்து முடித்து, "சரியா இருக்குதுங்களா?" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரிகிறதா... எனக்கு இன்னும் தெரியவில்லை.