நீரூற்றின் நான்காவது வாய்

ஓர் ஊரின் தண்ணீரை நிறுத்திவிட்ட மனிதன் அதே ஊரில் எப்படி நடமாடுவது? ஒரு கோடை முழுக்க ஆன்தெல்ம் கஸ்தினெலின் வாழ்க்கை இந்தக் கேள்வியாகவே இருந்தது.

அவர் கொத்தனார். கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது, சுத்தக்காரர். தெற்கு ஃபிரான்சில், ப்ரொவான்ஸ் மலைச்சரிவில் இருந்த அந்த ஊருக்குச் சதுக்கத்து நீரூற்றை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. நடுவே கல்தூண், அதில் நான்கு வாய்கள், கீழே துணி வெளுக்கும் தொட்டி. சுண்ணாம்புத் தண்ணீர் என்பதால் தூண்மேல் காரையும் பாசியும் ஏறி, கரடி ஒன்று உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்கு முன் அதைச் சுரண்டச் சொன்னார் மேயர். ஆன்தெல்ம் வெளியே சுரண்டியதோடு நிற்கவில்லை. தலைக்கல்லைத் தூக்கி உள்ளேயும் உளியால் தட்டினார். மறுநாள் காலை நான்கு வாய்களும் வறண்டிருந்தன.

பாறைக்கடியில் ஊற்று எந்த வழியாக வருகிறது என்று யாரும் பார்த்ததில்லை. உளிச்சத்தம் பிடிக்காமல் அது திசைமாறிவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. ஆன்தெல்மும் அதையே நம்பினார்.

பக்கத்து ஊரிலிருந்து பீப்பாய் வண்டியில் தண்ணீர் வந்தது. வரிசையில் அவர் கடைசியில் நின்றார்.

"அடுத்து பக்கத்து ஊர் ஆத்தையும் சுத்தம் பண்ணிருவியா, ஆன்தெல்ம்?" என்றார் ரொட்டிக்கடை ஃபிர்மன்.

"அவர விடுய்யா. தண்ணியில்லேன்னா ஒயின ஊத்தி மாவு பிசை. உன் ரொட்டிக்கு ருசியாவது வரும்," என்றாள் நொயெமி. ஊர்த்துணி வெளுத்துப் பிழைத்தவள். தொட்டி காய்ந்ததில் அதிகம் இழந்தவள் அவள்தான்.

அந்த ஆதரவைத்தான் ஆன்தெல்மால் தாங்க முடியவில்லை. ஊரைவிட்டே போய்விடலாமென்று கருவிகளைச் சாக்கில் கட்டினார்.

கட்டி முடிப்பதற்குள் ஃபிர்மன் வாசலில் நின்றார். "கொஞ்சம் வந்து பாருப்பா. என் நிலவறையில தண்ணி கசிஞ்சு நிக்குது. மாவு மூட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. இதுவும் உன் வேலையாத்தான் இருக்கும்."

நிலவறைக்குக் கூட வந்த நொயெமி குனிந்து, தன் சோப்பைத் தண்ணீரில் முக்கித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். நுரை வரவில்லை.

"நம்ம சனியனேதான்," என்றாள். "இப்படி நுரைக்காத தண்ணி வேற எங்க இருக்கு? எங்கயும் போகல. இங்கதான் ஒளிஞ்சிருக்கு."

ஆன்தெல்ம் ஓடினார். தூணின் அடிக்கல்லைப் பெயர்த்து, குழாய்க்குள் கைவிட்டார். தட்டியபோது உடைந்து விழுந்த காரைக்கட்டி, முஷ்டி அளவு, அங்கே அடைத்துக்கொண்டிருந்தது. மேலே போக வழியில்லாத தண்ணீர் குழாயின் பழைய இணைப்பில் கசிந்து ஃபிர்மனின் நிலவறைக்குப் போயிருக்கிறது. கட்டியை உருவியதும் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

கல்லைப் பொருத்தியதும் நான்கு வாய்களும் இருமின, பிறகு கொட்டின. "மாவு போனா போகுது," என்று சொல்லி ஃபிர்மன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். நொயெமி துணி எடுக்கப் போனாள். ஆன்தெல்ம் வீட்டுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தார்.

அதன்பிறகும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவர்தான் நீரூற்றைச் சுரண்டினார். மூன்று வாய்களை மட்டும். வடக்குப் பக்கத்து நான்காவது வாயை அவர் தொடவேயில்லை. மேயர் கேட்டார். அடுத்து வந்த மேயரும் கேட்டார். நொயெமி ஒருமுறை கேலியாகக்கூடக் கேட்டாள். அவர் உளியைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். நான்காவது வாயில் பாசி ஏறிக்கொண்டிருந்தது, தண்ணீரும் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.