டிஸ்கில் ஏறாத குரல்

மெக்கானிக் தன் அக்காவுக்குப் பன்னிரண்டாயிரம் கடன்பட்டிருந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட அவள் கொடுத்த பணம். திருப்பித் தரப் போகும்போதெல்லாம், "அக்கா தம்பிக்குள்ள என்னடா கணக்கு, எடுத்துட்டுப் போ" என்று விரட்டிவிடுவாள்.

எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் பட்டம் வாங்கியவர்கள் கைவிட்ட கம்ப்யூட்டரெல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வந்து சேரும். அக்கா கையைத் தவிர யார் கையையும் பிடிக்காமல் மேலே வந்த மனுஷன். வாய் கொஞ்சம் நீளமாக இருக்கத்தான் செய்யும்.

அக்கா வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் கழித்து, அவருடைய பழைய கம்ப்யூட்டரோடு அக்கா கடைக்கு வந்தாள். படுக்கையில் கிடந்தபோது அவர் பேசிப் பதிந்து வைத்ததெல்லாம் அதற்குள் இருந்தது. டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டது.

"இது இன்னும் ஒரே ஒரு தடவைதான் படிக்கும்கா. அதோட சரி."

"முடியுமாடா?"

"யார்கிட்ட கேக்குற? பத்தே நிமிஷம்!"

பழையதையும் புது டிஸ்க் ஒன்றையும் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். பழையது கடைசிவரை படித்துக் கொடுத்துவிட்டு முனகி அடங்கியது. திரையில் 'முடிந்தது' என்று வந்தது.

அந்த 'முடிந்தது' பொய் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? வந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் முதலில், கரண்ட் போனால் அழிந்துபோகும் மெமரியில்தான் வாங்கிப் போடும். ஒவ்வொரு துண்டின் மேலும் 'இன்னும் எழுதவில்லை' என்று ஒரு அடையாளம் குத்தி வைக்கும். டிஸ்க் வாங்கி எழுதிக்கொண்ட பிறகுதான் அந்த அடையாளம் நீங்கும். அதுவரை கை வைக்காதே என்று வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வறளச் சொல்பவர் அவர்.

ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாளே! கெத்தாக மெயின் சுவிட்சைத் தட்டி அணைத்தார், புது டிஸ்கை உருவி நீட்டினார். "மணியைப் பாரு, ஒம்பது நிமிஷம்!"

மறுநாள் அக்கா வந்தாள். "பேரெல்லாம் வரிசையா இருக்குடா. தொட்டா ஒண்ணும் பேச மாட்டேங்குது."

போட்டுப் பார்த்தார். பெயர்கள் மட்டும் ஏறியிருந்தன. உள்ளே வெறும் காலி. மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டுத் தலைகீழாக நின்று பார்த்தார். பழைய டிஸ்க் சுழலவேயில்லை.

அக்கா வீட்டுக்குப் போனார். "டிஸ்க்ல ஏறுறதுக்குள்ள கரண்டை நிறுத்திட்டேன்கா. என் தப்புதான்."

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "என்ன பேசியிருந்தாருன்னு நான் போட்டுக் கேக்கவே இல்லடா. மனசு கொஞ்சம் தேறட்டும்னு வச்சிருந்தேன்."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பன்னிரண்டாயிரம் இருக்கா?"

"இருக்குக்கா."

"கொடுத்துடு."

அக்கா கையை நீட்டினாள். இப்போதும் விரட்டமாட்டாளா என்று ஒரு கணம் காத்திருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இருபத்து நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி அந்தக் கையில் வைத்தார்.