சகலையின் குரோமோசோமும் என் பஸ்ஸும்

அந்த வருடங்களில் எங்கள் கிருஷ்ணகிரி வீட்டில் விஞ்ஞானம் என்றால் நான்தான். ஓசூர் கம்பெனி ஒன்றில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஆனாலும் கிரகணம் முதல் கொசு வரை என் மகள் கேட்பதெல்லாம் என்னிடம்தான். மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை இந்தப் பதவிக்குப் போட்டியே இல்லை.

வந்த சகலைக்கு பெங்களூரில் ஆய்வுக்கூட வேலை. மனிதக் குரோமோசோமைத் துண்டு துண்டாக நறுக்கி, எதற்குப் பக்கத்தில் எது என்று வரைபடம் போடுகிறவர். போதாததற்குத் தலையில் முடியும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவரிடம், பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று மகள் கேட்டாள். என்னைத் தாண்டிப் போய்.

“ஓசூர்ல இருந்து பஸ்ஸு வருதில்ல பாப்பா? உள்ள எல்லாரும் தூங்குறாங்க. ஒருத்தரு கண்ணு முழிச்சப்ப பேரண்டப்பள்ளி, சூளகிரி பாத்தாரு. இன்னொருத்தரு சூளகிரி, குருபரப்பள்ளி பாத்தாரு. ரெண்டுலயும் சூளகிரி இருக்கா? அங்க ஒட்டு. இப்படியே ஒட்டிக்கிட்டு போனா முழு ரூட்டும் வந்துரும். குரோமோசோம் துண்டையும் இப்படித்தான் ஒட்டுறோம். உள்ள இருக்கிற டி.என்.ஏ.வ எழுத்தெழுத்தா படிக்கிறது அப்புறம்.”

அந்த பஸ்ஸில் தினமும் தூங்குகிறவன் நான். உவமை மட்டும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. வயிறு எரிந்தது, ரசம் காரம் என்று மனைவியிடம் சொன்னேன்.

“ஏன் சகலை,” என்றேன், “ஒருத்தன் பஞ்சர் கடை, டீக்கடை மட்டும் பாத்தான்னா? வழி நெடுக அதுதானே இருக்கு. அந்தத் துண்ட எங்க ஒட்டுவீங்க?”

ஆள் விழுந்துவிடுவார் என்று பார்த்தேன். அவரோ சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

“அண்ணா! எங்க தலைவலியே அதுதாண்ணா. ஒரே மாதிரி துண்டு பல எடத்துல வரும், தப்பா ஒட்டிருவோம். பக்கத்துல வேற எங்கயும் இல்லாத அடையாளம் ஒண்ணு தேடணும். பாப்பா, உங்கப்பா லேப்ல இருக்க வேண்டிய ஆளு.”

மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையும் அவர் வாங்கிக் கொடுத்தது. ஒரு நல்ல மனிதரை வெறுப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

“இந்த பஸ் ரூட்டையே மாடலா வைக்கிறேன், கண்காட்சிக்கு நீயும் வாப்பா,” என்றாள் மகள். “கூட்டத்துல நின்னு அந்தக் கேள்விய கேளு. சித்தப்பா சொன்ன பதில நான் சொல்லிக்கிறேன்.”

போனேன், கேட்டேன். மகள் சொன்ன பதிலுக்குக் கைதட்டினார்கள். “யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?” என்றார் தலைமை ஆசிரியை. “எங்க சித்தப்பா!”

கேள்வி யாருடையது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அடுத்த கூட்டம் வந்தது. முன்னைவிடச் சத்தமாகக் கேட்டேன்.